பெயரைத் தேடினால் வருகிறது, வேலையைத் தேடினால் வரவில்லை: இணையத் தொழில் பட்டியலில் திறன் சொற்களைச் சேர்க்க முழுமையான வழிகாட்டி

இணையத் தொழில் பட்டியலில் பதிவு செய்தாயிற்று. பெயர், முகவரி, கைபேசி எண், திறக்கும் நேரம் எல்லாம் சரி. கடைப் பெயரைத் தட்டினால் முதல் ஆளாக வந்து நிற்கிறது. ஆனால் கடைப் பெயர் தெரிந்தவருக்குப் பட்டியல் எதற்கு? அவரிடம் எண் ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலைத் திறப்பவர் பெயர் தெரியாதவர். தனக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தவர். அவர் தட்டுவது "மோட்டார் காயில் கட்டுபவர்" என்று. அந்தச் சொற்கள் உங்கள் பதிவில் எங்கேயும் இல்லையென்றால், உங்களை அவருக்குக் காட்ட அந்தத் தளத்துக்கு ஒரு காரணமும் கிடைக்காது.

கை என்ன செய்கிறது, எதன் மேல் செய்கிறது, என்ன கோளாறுக்காகச் செய்கிறது என்று சொல்லும் சொற்களைத்தான் இங்கே திறன் சொற்கள் என்கிறோம். "தரமான", "நம்பகமான", "சிறந்த", "நீண்ட கால அனுபவம்" ஆகியவை இதில் சேராது. மோட்டார் கருகிப்போன வீட்டில் யாரும் "நம்பகமான" என்று தேடுவதில்லை.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே தொழிலை எடுத்துக்கொள்வோம்: நீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறை, அதாவது கருகிப்போன மோட்டாருக்குள் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தரும் இடம். உங்கள் தொழில் கணக்கு எழுதுவதாக இருக்கலாம், மொழிபெயர்ப்பாக இருக்கலாம். முறை ஒன்றுதான்.

எந்தச் சொல் எந்தப் பெட்டியில் போக வேண்டும்

பட்டியல் தளங்கள் சொற்களை நாலைந்து பெட்டிகளில் வாங்குகின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் வேலை வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாச் சொல்லையும் எல்லாப் பெட்டியிலும் கொட்டுவதால்தான் பாதிப் பதிவுகள் வீணாகின்றன.

பெயர்ப் பெட்டியில் பெயர்ப் பலகையில் உள்ள பெயர் மட்டும். வகைப் பெட்டியில் நீங்கள் யார் என்பது, அதுவும் தளம் கொடுக்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தது. சேவைகள், சிறப்புத்திறன்கள், குறிச்சொற்கள், கீவேர்டு என்று தளத்துக்குத் தளம் வெவ்வேறு பெயரில் வரும் பெட்டிதான் திறன் சொற்களின் சொந்த வீடு. கடைசியாக விவரணை. அது மனிதர் படிப்பதற்கு.

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கீவேர்டு என்று தனிப் பெட்டியே கிடையாது. 2021-க்கு முன்பு கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததுதான் இது. இதில் ஒரு முதன்மை வகையும் அதோடு 9 கூடுதல் வகைகளும் வைக்கலாம். திறன் சொற்களைச் "சேவைகள்" பகுதியில் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் 300 எழுத்துக்குறிகள் வரை சிறு விளக்கமும் எழுதலாம். விவரணைக்கு 750 எழுத்துக்குறிகள். லிங்க்ட்இன் நிறுவனப் பக்கத்தில் "சிறப்புத்திறன்கள்" 20 வரை. தனிநபர் பக்கத்தில் திறன்கள் 100 வரை. மற்றத் தளங்களில் பெரும்பாலும் காற்புள்ளியிட்டு எழுதும் ஒரே நீளப் பெட்டி இருக்கும். எத்தனை கொள்ளும் என்பதைப் பெட்டிக்குக் கீழே சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எழுத ஆரம்பிக்கும் முன் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பழைய குழப்பம் உண்டு. "கீவேர்டு எல்லாம் செத்துப்போன விஷயம்" என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் நினைவில் இருப்பது இணையப் பக்கத்தின் நிரலுக்குள் மறைத்து எழுதும் மெட்டா கீவேர்டு. தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009 செப்டம்பரில் கூகுளே அறிவித்துவிட்டது. அது வேறு, இது வேறு. பட்டியல் தளம் தன் சொந்தப் பதிவுகளுக்குள் தேடும்போது, இந்தப் பெட்டியில் உள்ள சொற்களைத்தான் அலசுகிறது.

தொடங்கும் முன் மூன்று சின்ன வேலைகள்

பதிவு உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல தளங்கள் பொதுவில் கிடைக்கும் தகவலை வைத்துத் தாமாகவே பதிவை உருவாக்கிவிடும். அப்படி இருந்தால் "இது என் நிறுவனம்" என்ற பொருள்படும் பொத்தானை அழுத்தி, உரிமையைச் சரிபார்த்த பிறகுதான் திருத்தம் நிலைக்கும்.

அதே எண்ணில், அதே முகவரியில் இரண்டாவது பதிவு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இரட்டைப் பதிவு இருந்தால் நீங்கள் சொல் சேர்ப்பது ஒன்றில், வாடிக்கையாளர் பார்ப்பது இன்னொன்றில் என்று ஆகிவிடும். முதலில் ஒன்றை நீக்கக் கேளுங்கள், அல்லது இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.

இப்போது பதிவில் உள்ள எல்லாவற்றையும் படியெடுத்து ஒரு கோப்பில் தேதி போட்டு வையுங்கள். திருத்தம் நிராகரிக்கப்பட்டால் பழையது அப்படியே திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சொற்களைத் திரட்டுவது

மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதும் சொற்கள் பெரும்பாலும் தொழிலாளியின் சொற்களாகவே இருக்கும். நமக்கு வேண்டியது வாடிக்கையாளரின் வாய்ச்சொல். அது கிடைக்கும் முதல் இடம் தொலைபேசி. ஒரு வாரத்துக்கு, அழைப்பவர் பேசும் முதல் வாக்கியத்தை மட்டும் அவர் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். திருத்தாதீர்கள். மோட்டார் பட்டறை நோட்டு இப்படி இருக்கும்:

"மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது."
"போர் மோட்டார் காயில் கருகிடுச்சு, கட்டித் தருவீங்களா?"
"மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை."
"ஸ்டார்ட்டர் நிக்க மாட்டேங்குது."
"போட்ட உடனே எம்சிபி விழுந்துடுது."
"சப்மெர்சிபிள் ரீவைண்டிங் பண்றீங்களா?"

இந்த ஆறு வரியையும் பாருங்கள். தொழிலின் பெயரைச் சொல்லிக் கேட்டவர் இரண்டே பேர். அதிலும் ஒருவர் "காயில் கட்டுவது" என்கிறார், இன்னொருவர் "ரீவைண்டிங்" என்கிறார். வேலை ஒன்றே. மீதி நாலு பேரும் சொன்னது கோளாறு. "ரீவைண்டிங்" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பட்டறைக்கு இந்த ஆறில் ஒரு தேடல்தான் வந்து சேரும்.

இனி நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் நான்கு பகுதியாகப் பிரித்துத் தாளில் நான்கு பத்திகளாக எழுதுங்கள். முதல் பத்தியில் செயல்: காயில் கட்டுதல், ரீவைண்டிங், பழுது பார்த்தல், பேரிங் மாற்றுதல், சீல் மாற்றுதல், கெப்பாசிட்டர் மாற்றுதல். இரண்டாவதில் பொருள்: போர் மோட்டார், சப்மெர்சிபிள், மோனோபிளாக், ஜெட் பம்ப், ஸ்டார்ட்டர். மூன்றாவதில் கோளாறு: காயில் கருகியது, உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை, எம்சிபி (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை) விழுகிறது. நான்காவதில் அளவும் வகையும்: சிங்கிள் ஃபேஸ், திரீ ஃபேஸ், எத்தனை எச்.பி. (குதிரைத்திறன்) வரை.

இரண்டு மூன்று பத்திகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சேர்த்தால் திறன் சொல் தயார். "போர் மோட்டார் காயில் கட்டுதல்", "சப்மெர்சிபிள் ரீவைண்டிங்", "திரீ ஃபேஸ் மோட்டார் பழுது", "மோட்டார் ஸ்டார்ட்டர் பழுது". இரண்டு முதல் நான்கு சொற்கள் கொண்டதுதான் நல்ல நீளம். அதற்கு மேல் போனால் அப்படியே தட்டுபவர் இருக்க மாட்டார்.

கோளாறுப் பத்தியை அப்படியே கீவேர்டாக மாற்றுவதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும். எனவே அந்த வாக்கியத்துக்கு எதிரே "மோட்டார் கெப்பாசிட்டர் மாற்றுதல்" என்ற சேவையை வைத்துவிட்டு, "மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால்" என்பதை அந்தச் சேவையின் சிறு விளக்கத்தில் எழுதலாம். கோளாறைச் சொல்லித் தேடுபவருக்கும் தீர்வைச் சொல்லித் தேடுபவருக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும்.

தொலைபேசி நோட்டுக்கு அடுத்து வாட்ஸ்அப் செய்திகளைப் புரட்டுங்கள். மக்கள் தட்டச்சில் எந்த எழுத்துக்கூட்டல் போடுகிறார்கள் என்று அங்கே தெரியும். பழைய பில்களில் அதிகம் வந்த வேலை எது என்று தெரியும். பிறகு கூகுள் தேடல் பெட்டியில் "மோட்டார் காயில்" வரை தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் பிறர் தேடியவற்றிலிருந்து வருபவை. இதை மறைநிலைச் சாளரத்தில் செய்வது நல்லது. இல்லையென்றால் உங்கள் பழைய தேடல்களே திரும்ப வந்து ஏமாற்றும். உங்களுக்கு ஏற்கெனவே கூகுள் புரொஃபைல் இருந்தால் அதன் செயல்திறன் பகுதியில், எந்தெந்தத் தேடல் சொற்களில் உங்கள் பதிவு காட்டப்பட்டது என்ற பட்டியல் இருக்கும். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கருவியையும் விட முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

இப்படித் திரட்டினால் எளிதாக 50, 60 சொற்றொடர்கள் சேரும். அவ்வளவும் வேண்டாம்.

சலித்தெடுப்பது

முதல் சல்லடை: நாளைக் காலை இந்த வேலைக்கு அழைப்பு வந்தால் செய்வீர்களா? "தெரியும், ஆனால் செய்வதில்லை" என்பவற்றை அடித்துவிடுங்கள். செய்யாத வேலையைப் போட்டால் அழைப்பு வரும், நேரம் போகும், கடைசியில் ஒற்றை நட்சத்திர விமர்சனம் வரும்.

இரண்டாம் சல்லடைதான் பலரும் தவறவிடுவது. இந்தச் சொல் தவறான ஆளைக் கூட்டிவருமா? "மோட்டார்" என்று தனியாகப் போட்டால் இரு சக்கர வண்டிக்காரர்கள் அழைப்பார்கள். "மோட்டார் மெக்கானிக்" என்றால் கேட்கவே வேண்டாம், முழுக்க வண்டி வேலைதான். "பம்ப்" என்று தனியாகப் போட்டால் பெட்ரோல் பங்க் முதல் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் வரை எதுவும் வரலாம். "நீர் மோட்டார் பழுது", "போர் மோட்டார் மெக்கானிக்" என்று பொருளை ஒட்டவைத்தால் குழப்பம் தீர்ந்தது. மொழிபெயர்ப்பாளருக்கும் இதே கதை. "மொழிபெயர்ப்பு" என்று மொட்டையாகப் போடுவதை விட "தமிழிலிருந்து ஜெர்மன் மொழிபெயர்ப்பு", "ஜெர்மனிலிருந்து தமிழ் மொழிபெயர்ப்பு", "சான்றிதழ் மொழிபெயர்ப்பு" என்று திசையையும் ஆவணத்தையும் சொன்னால்தான் வருகிற அழைப்பு வேலைக்கானதாக இருக்கும். இரண்டு திசையும் செய்யாவிட்டால் ஒன்றை மட்டும் போடுங்கள்.

மூன்றாம் சல்லடை: இதை யாராவது தட்டுவார்களா? "ஸ்டேட்டர் இன்சுலேஷன் சோதனை" துல்லியமான சொல்தான். ஆனால் வீட்டுக்காரருக்கு ஸ்டேட்டர் எது என்றே தெரியாது. தொழிற்சாலைகளின் வேலையை எடுப்பவராக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பராமரிப்புப் பொறுப்பாளர் இப்படித்தான் தேடுவார். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பிராண்டு பெயர்களில் எச்சரிக்கை தேவை. ஒரு நிறுவனத்தின் மோட்டாரைப் பழுது பார்ப்பது உண்மையென்றால் அதை விவரணையில் சொல்லலாம், தளத்தின் விதி அனுமதித்தால். "அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்" என்பது அந்த நிறுவனம் எழுத்தில் கொடுத்தால் மட்டுமே போடக்கூடிய சொல். போட்டிக் கடையின் பெயரைக் கீவேர்டாகப் போடுவது அசட்டுத்தனம். அவரைத் தேடி வந்தவர் உங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். புகார் செய்தால் பதிவும் போகும்.

மூன்று சல்லடையும் தாண்டி 12 முதல் 20 சொற்றொடர்கள் மிஞ்சினால் போதும்.

தமிழில் எழுதும்போது வரும் தனிச் சிக்கல்கள்

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இல்லாத நான்கு தொல்லைகள் நமக்கு உண்டு. பட்டியல் வேலையில் தமிழர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

முதலாவது எழுத்துக்கூட்டல். "ப்ளம்பர்", "பிளம்பர்", "வைண்டிங்", "வைன்டிங்", "சப்மெர்சிபிள்", "சப்மர்சிபிள்". கூகுள் இவற்றைப் பெரும்பாலும் ஒன்றாகப் புரிந்துகொள்ளும். சிறிய பட்டியல் தளங்களின் தேடல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் அதற்கு வேறு சொல்தான். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. அந்தத் தளத்தின் தேடல் பெட்டியில் இரண்டு வடிவத்தையும் தனித்தனியே தட்டுங்கள். ஒரே முடிவுகள் வந்தால் ஒரு வடிவம் போதும். வேறு வேறு முடிவு வந்தால் இரண்டையும் சேர்க்க வேண்டும். அதே வேலைக்குத் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை போடுவதும் அவசியம். தமிழில் பேசுபவர் எல்லோரும் தமிழில் தட்டுவதில்லை.

இரண்டாவது புணர்ச்சியும் வேற்றுமை உருபும். "மோட்டாருக்கான காயில்களைக் கட்டித்தருதல்" என்பது அழகான தமிழ். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் இது "மோட்டார்" என்ற தேடலுக்குச் சிக்காது. புள்ளி வைத்த "ர்" இங்கே "ரு" ஆகிவிட்டதே! கீவேர்டு பெட்டியில் பெயர்ச்சொல்லை உருபு இல்லாமல், இடைவெளி விட்டு எழுதுங்கள்: "மோட்டார் காயில் கட்டுதல்". இலக்கண அழகை விவரணைக்கு வைத்துக்கொள்ளலாம். "மரவேலை", "மர வேலை" போலச் சேர்த்தும் பிரித்தும் எழுதப்படும் சொற்களுக்கு இரண்டு வடிவமும் தேவைப்படலாம்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துச் சிக்கல். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் "மோ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். மகரத்தோடு ஓகாரக் குறி ஒரே துண்டாக வருவது ஒன்று. இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகளாக வருவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சமமாகக் கருத வேண்டும் என்பதுதான் யூனிகோடின் விதி, ஆனால் அதைச் செய்யாமல் விட்டுவிட்ட தளங்கள் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு "ள" எழுதுவதும் இதே வகைத் தவறு. பிடிஎஃப் கோப்பிலிருந்தோ பழைய டிடிபி (அச்சுப் பக்க வடிவமைப்பு) கோப்பிலிருந்தோ படியெடுத்து ஒட்டினால் இந்த நோய் வரும். பழைய எழுத்துரு என்றால் ஒட்டியதும் கிறுக்கலாகவே தெரிந்துவிடும், அது பரவாயில்லை. தெரியாமல் போவதுதான் ஆபத்து. கீவேர்டுகளைக் கைபேசித் தமிழ் விசைப்பலகையில் புதிதாகத் தட்டுவதே பாதுகாப்பு.

நான்காவது எண்ணிக்கை. "மோட்டார் காயில்" என்பதைக் கண்ணால் எண்ணினால் 7 எழுத்து. கணினிக்கு அது 15: "மோட்டார்" 8 குறிகள், இடைவெளி 1, "காயில்" 6. கால், கொம்பு, சுழி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. பெட்டியின் வரம்பைப் பைட்டில் (கணினிச் சேமிப்பின் அளவு) வைத்திருக்கும் தளமானால் இன்னும் மோசம். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். இதே இரண்டு சொல்லும் 43 பைட் எடுத்துக்கொள்ளும். கூகுளின் 750-ல் தமிழில் சுமார் 80 சொற்கள்தான் அடங்கும். எனவே முக்கியமான சொல் முதலில் வரட்டும். வரம்பு தாண்டினால் சில தளங்கள் எச்சரிக்காமல் கடைசிச் சொல்லைப் பாதியில் வெட்டிவிடும்.

உள்ளிடும் முறை

1. முதலில் முதன்மை வகையைச் சரிசெய்யுங்கள். கிடைப்பதிலேயே மிகக் குறுகலானதைத் தேர்ந்தெடுங்கள். "எலக்ட்ரீசியன்" என்ற அகல வகையும், "மின் மோட்டார் பழுதுபார்க்கும் கடை" என்ற குறுகலான வகையும் இருந்தால் பட்டறைக்கு இரண்டாவதுதான். கூடுதல் வகைகள் 9 வரை அனுமதி என்பதற்காக 9-ஐயும் நிரப்ப வேண்டியதில்லை. இரண்டு மூன்று போதும்.

2. சேவை அல்லது கீவேர்டு பெட்டிக்குப் போங்கள். அதிக அழைப்பு வேண்டிய வேலை முதலில், அரிதானது கடைசியில். பல தளங்கள் முதல் சில சொற்களை மட்டும் காட்டி மற்றதை "மேலும்" என்பதற்குள் மடித்துவிடும்.

3. ஒரே பெட்டியாக இருந்தால் சொற்றொடர்களுக்கிடையே காற்புள்ளி போடுங்கள். "மற்றும்", சாய்கோடு, முற்றுப்புள்ளி வேண்டாம். "மோட்டார், ஸ்டார்ட்டர் மற்றும் பம்ப் பழுது" என்று எழுதினால் தளம் அதை "மோட்டார்" என்றும் "ஸ்டார்ட்டர் மற்றும் பம்ப் பழுது" என்றும் இரண்டாக உடைக்கும். வேண்டாத மொட்டைச் சொல் ஒன்று, யாரும் தேடாத நீளச் சொல் ஒன்று. எச்.பி. போன்ற சுருக்கங்களில் புள்ளி வந்தாலும் சில தளங்கள் தடுமாறும்.

4. குறிச்சொல் வகைப் பெட்டியாக இருந்தால் ஒன்றைத் தட்டியதும் என்டர் அழுத்துங்கள். சொல்லைச் சுற்றிச் சிறு கட்டம் விழ வேண்டும். கட்டம் விழாத கடைசிச் சொல் சேமிக்கும்போது காணாமல் போகும். தளம் ஏற்கெனவே வைத்திருக்கும் சொல்லைப் பரிந்துரைத்தால், பொருள் ஒத்துப்போகும் பட்சத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் புதிதாக உருவாக்கும் சொல்லைவிடத் தளத்தின் சொல்லுக்கு வடிகட்டிகளில் இடம் உண்டு.

5. சேமித்ததும் பக்கத்தை மூடாமல், புதிதாக ஏற்றிப் பாருங்கள். எல்லாம் இருக்கிறதா, கடைசிச் சொல் முழுதாக இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

விவரணை

கீவேர்டுகளை அப்படியே தூக்கி விவரணையில் போட்டால் படிக்கச் சகிக்காது. இப்படி ஒன்று அடிக்கடி கண்ணில் படும்: "சிறந்த மோட்டார் பழுது, மலிவு மோட்டார் பழுது, போர் மோட்டார் பழுது, நம்பர் 1 மோட்டார் பழுது, இன்றே அழைக்கவும்." இதைப் படிப்பவருக்கு இந்தக் கடை எந்த மோட்டாரைப் பார்க்கும், எந்த அளவு வரை பார்க்கும் என்று எதுவும் தெரியாது. அதே இடத்தில்:

"வீட்டுக் கிணறு, ஆழ்துளைக் கிணறு, தரைத் தொட்டி ஆகியவற்றில் ஓடும் நீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருகிறோம். சிங்கிள் ஃபேஸ், திரீ ஃபேஸ் இரண்டும் பார்க்கிறோம். அரை எச்.பி. முதல் 10 எச்.பி. வரையிலான மோனோபிளாக், சப்மெர்சிபிள் மோட்டார்களில் பேரிங், சீல், கெப்பாசிட்டர் மாற்றும் வேலையும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்கும் வேலை செய்வதில்லை. கழற்றிக் கொண்டுவந்தால் சரிசெய்து தருவோம். வாகன வேலை இல்லை."

இது 750-க்குள் தாராளமாக அடங்கும். திறன் சொற்கள் பத்துக்கு மேல் உள்ளே இருக்கின்றன, ஒன்றும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. செய்யாத வேலையை வெளிப்படையாகச் சொல்லும் இரண்டு வரிகள் மட்டுமே தினமும் சில வெட்டி அழைப்புகளை மிச்சப்படுத்தும். கூகுள் விவரணையில் இணைய முகவரி போடக்கூடாது. தள்ளுபடி, விலை விளம்பரமும் கூடாது. தொலைபேசி எண்ணுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

எங்கே கெடுகிறது

பதிவே முடங்கிப்போகும் அளவுக்குப் பெரிய தவறு, கடைப் பெயரில் கீவேர்டு சேர்ப்பது. பெயர்ப் பலகையில் இருப்பது ஒரு பெயர், பதிவில் இருப்பது அதோடு ஒட்டிய "மோட்டார் காயில் கட்டுதல் போர் மோட்டார் சர்வீஸ்" என்ற வால். இது கூகுளின் விதிக்கு நேர் எதிரானது. செய்துவிட்டு நன்றாக ஓடும் கடைகள் கண்ணில் படும். யாராவது ஒருவர் புகார் செய்யும் நாள் வரைதான் அது. முடக்கப்பட்டால் மேல்முறையீடு செய்து, பெயர்ப் பலகைப் படம், உரிமம் போன்ற ஆதாரங்களைக் காட்ட வேண்டியிருக்கும். அத்தனை நாளும் பதிவு தேடலில் இருக்காது.

அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களை எல்லாம் வரிசையாகக் கீவேர்டில் கொட்டுவது அடுத்த தவறு. இடத்துக்குச் சேவைப் பகுதி என்று தனி அமைப்பு இருக்கிறது. கூகுளில் 20 பகுதிகள் வரை குறிக்கலாம். அருகில் உள்ளவருக்கு யாரைக் காட்டுவது என்பதைக் கூகுள் பொருத்தம், தொலைவு, பெயர் பெற்ற அளவு என்ற மூன்றையும் வைத்து முடிவு செய்கிறது. கீவேர்டால் கூட்ட முடிந்தது பொருத்தத்தை மட்டுமே. தொலைவை எந்தச் சொல்லாலும் குறைக்க முடியாது.

திருத்தம் "நிலுவையில்" என்று நின்றால் அவசரப்பட்டு மறுபடி மறுபடி திருத்தாதீர்கள். ஒவ்வொரு திருத்தமும் வரிசையின் கடைசியில் புதிதாகப் போய் நிற்கலாம். பெயர், முகவரி, முதன்மை வகை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் மறுபடி உரிமைச் சரிபார்ப்பு கேட்க வாய்ப்பு உண்டு. நாள் விட்டு நாள், ஒவ்வொன்றாக.

விமர்சனங்களும் சொற்களின் சுரங்கம்தான். வாடிக்கையாளர் ஒருவர் "போர் மோட்டார் காயில் கட்டினேன்" என்று எழுதினால், அந்தத் தேடலுக்கு அந்த வரியையே கூகுள் முடிவின் கீழே எடுத்துக் காட்டுவது உண்டு. ஆனால் "இந்தச் சொல்லைப் போட்டு எழுதுங்கள்" என்று வாசகம் கொடுக்காதீர்கள், காசோ தள்ளுபடியோ கொடுத்து எழுத வைக்காதீர்கள். பின்னது நேரடி விதிமீறல். "என்ன வேலைக்கு வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்" என்று கேட்பதில் தவறில்லை.

சோதனையும் பராமரிப்பும்

திருத்தம் வெளியான பிறகு, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, முடிந்தால் வேறொருவர் கைபேசியில், கடையிலிருந்து சற்றுத் தள்ளி நின்று தேடுங்கள். கடைக்குள் நின்று தேடினால் தொலைவு பூச்சியம். நீங்கள் முதலில் வருவதில் வியப்பில்லை. பட்டியல் தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியில் ஒவ்வொரு திறன் சொல்லையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். வராத சொல்லுக்கு எதிரே குறி போடுங்கள். எழுத்துக்கூட்டலா, உருபா, ஒட்டிய எழுத்தா என்று மேலே சொன்ன வரிசையில் தேடினால் காரணம் அகப்படும்.

பிறகு ஒரு மாதம் கையை வைக்காதீர்கள். கூகுளின் தேடல் சொல் அறிக்கை மாதத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. எண்ணிக்கை மிகக் குறைவான சொற்களுக்கு "15-க்குக் கீழ்" என்று மட்டும் காட்டும், அதில் 2-க்கும் 14-க்கும் வித்தியாசம் தெரியாது. அந்த இடத்தில் உங்கள் தொலைபேசி நோட்டே நல்ல அளவுகோல். அழைப்பவரிடம் "என்னன்னு தேடினீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதிலை அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

மாத முடிவில் நோட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு சொற்களை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு சொல்ல முடியாது. மாற்றிய தேதியைப் பழைய கோப்பிலேயே குறியுங்கள். தவறான அழைப்பை இரண்டு மாதம் தொடர்ந்து கொண்டுவரும் சொல்லை நீக்கிவிடுங்கள். ஒரு வேலையை நிறுத்திவிட்டால் அந்தச் சொல்லை அன்றே எல்லாத் தளங்களிலும் எடுத்துவிட வேண்டும். எந்தெந்தத் தளத்தில் பதிவு இருக்கிறது என்ற பட்டியலும் அதே கோப்பில் இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும் வேலை அது.